சூடத்தின் மேல் மூன்று ஓட்டு

அன்று அம்மன் கோயில் முன்னால் இருந்தவர்கள் பத்துப் பேர். கைக்குழந்தையைச் சேர்த்தால் பதினொன்று. நான், என் மனைவி, பூசாரி, மேல்காட்டு அக்கா, விளக்குப் பூசைக்கு வரும் ஓரகத்திகள் இரண்டு பேர், காட்டிலாகாவில் வாட்ச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், டீக்கடைக்காரர், அவர் மனைவி, அந்த அம்மாள் இடுப்பில் குழந்தை, மைக்செட்காரர். வேறு யாரும் இல்லை. தேர்தல் முடிந்த பிறகு, தானும் அங்கே நின்று கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களைக் கூட்டினால் ஒரு பஸ் நிறையும். அதற்காகத்தான் கணக்காகச் சொல்கிறேன்.

எங்கே போனாலும் ஆள் எண்ணுவது என் பழக்கம். பஸ்ஸில் ஏறினால் எண்ணுவேன், சாவு வீட்டில் எண்ணுவேன். மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவேன். எழுபதும் முடிந்தால்தான் மூச்சு வரும். பூட்டிய வீட்டுக்குப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "உங்களுக்குப் பாலோட பயத்தையும் அரைச்சு ஊத்தியிருக்காங்க" என்பாள் என் மனைவி. ஏழாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தில்தான். கணக்கு வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிடுவார் என்று ஒரு நாள் மிளகுத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்தேன். மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்பாரே என்று அன்றும் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

என் மகள் அன்று கோயிலில் இல்லை. நாமக்கல்லில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் கடைசி பஸ்ஸில் மலையேறி வருவாள். நான் இங்கே சொல்லப்போகிற பயம் முழுக்க அந்தப் பஸ்ஸைப் பற்றியது.

என் மனைவி ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நின்றாள். அவளை அரசியல்வாதி என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். அவள் சாமி கும்பிடுகிறவள். பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமை விளக்குப் பூசையை நடத்துகிறவள். ஆனால் அவள் கும்பிடுகிற விதத்தில் எப்போதும் ஒரு சண்டை இருக்கும். மேல்காட்டு அக்காவின் புருஷன் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனார். அதன் பிறகு பூசையன்று அக்கா கோயிலுக்குள் வராமல் வெளியே கல்லின் மேல் உட்கார்ந்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி தன் கையிலிருந்த விளக்கைக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்து, உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டாள். பூசாரிக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் எனக்கு அண்ணன் முறை.

"தாலி அறுத்தவ வெளக்குத் தொடலாமா?" என்றார்.

"நம்ம அம்மனுக்குத் தாலி கட்டுனவரு யாருன்னு சொல்லுங்க மாமா, அப்பறம் பேசலாம்" என்றாள் இவள்.

எங்கள் அம்மன் தனியாக இருப்பவள். பூசாரி மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பதில் ஊரிடமிருந்து வந்தது. இரண்டு மாதம் பூசைக்கு யாரும் வரவில்லை. இவளும் அக்காவும் மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு விளக்கை ஏற்றிவிட்டு வந்தார்கள். ஊரை விட்டு ஒதுக்கிவிடுவார்கள், தண்ணீர்க் குழாயில் வரிசை தரமாட்டார்கள் என்று நான் அந்த இரண்டு மாதமும் உருப்படியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் மாதம் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். இப்போது நினைத்தால், தேர்தலுக்கு அவள் வேட்புமனு போட்டது அந்த மாதத்தில்தான் என்று தோன்றுகிறது. காகிதத்தில் போட்டது வெகு காலம் கழித்து.

காகிதத்தில் போட வைத்தது மேல்காட்டு ரோடு. அந்தக் குக்கிராமத்துக்கு ரோடு போட்டதாகப் பலகை மட்டும் நட்டிருந்தார்கள். அக்காவின் மருமகளுக்கு வலி வந்தபோது கம்பளியில் தூளி கட்டித்தான் தூக்கி வந்தோம். முன்பக்கத்து மூங்கிலை நான் பிடித்திருந்தேன். பாதி வழியில், மழையில், பாதையிலேயே பிள்ளை பிறந்தது. என் மனைவி தன் முந்தானையைப் பிடித்து மறைப்புக் கட்டினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மனுவோடு மலையிறங்க ஆரம்பித்தாள். எங்கள் ஊராட்சி பெண்களுக்கு என்று வந்ததும், ரோடு கான்ட்ராக்டர் தன் மனைவியை நிறுத்தினார். மறுநாளே இவளும் நிற்கிறேன் என்றாள்.

"ரெண்டு புருஷனுங்களுக்குத்தான் போட்டி" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என்னைப் பார்த்தால் "வாங்க தலைவரே" என்று எழுந்து நிற்பார்கள். எங்கள் மலை பல நாடுகளாகப் பிரிந்தது; நாங்கள் திருப்புலி நாடு, இவள் பெரக்கரை நாட்டில் பிறந்தவள். "பெரக்கரை நாட்டுப் பொண்ணு வந்துதான் திருப்புலி நாட்டை ஆளணுமாக்கும்?" என்று கான்ட்ராக்டர் ஆட்கள் கேட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை. நான் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காசு கொடுப்பதில்லை, காசு வாங்குவதுமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். விளக்குப் பூசைப் பெண்களோடு வீடு வீடாக நடந்து, வீட்டுக்கு ஒரு பிடி சாமை கேட்டாள். பணக்காரர் வீட்டிலும் ஒரு பிடிதான், கூலிக்காரர் வீட்டிலும் ஒரு பிடிதான். சாயங்காலம் அதைக் கோயில் முன்னால் பொங்கி, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்களுக்கு ஒதுக்கிய சின்னம் பூட்டு சாவி, அவர்களுக்குச் சீப்பு. "உங்களுக்குன்னே குடுத்த சின்னமுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒவ்வொரு நாளும் எத்தனை பிடி வந்தது என்று எண்ணிக்கொண்டு, கொடுத்த கையெல்லாம் ஓட்டுப் போடுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுக்கு ஆறு நாள் இருந்த புதன்கிழமை. மதியம் தாண்டி மஞ்சு இறங்கியிருந்தது. முற்றத்துக் குச்சிக்கிழங்குச் செடிகூடத் தெரியவில்லை. மனைவி மேல்காட்டுக்குப் போயிருந்தாள். மஞ்சுக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கான்ட்ராக்டரின் மச்சினன். எனக்கு மருமகன் முறை ஆக வேண்டும். இன்னொருவன் அவர்களுடைய லாரி டிரைவர். மச்சினன் கையில் பித்தளைத் தட்டு, அதில் சூடம், சட்டம் போட்ட அம்மன் படம். டிரைவர் கையில் நீள நோட்டு.

"ஏனுங் மாமா, ஊட்டுல யாரும் இல்லீங்களா?"

"மேல்காட்டுக்குப் போயிருக்கா."

"அப்ப நல்லதாப் போச்சு. உங்ககிட்டத்தான் சோலி."

தட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "இது வேட்பாளர் ஊடு, சாமி. இங்க எதுக்கு?" என்றேன்.

டிரைவர் சிரித்தான். "வேட்பாளர் ஊடுன்னா ஓட்டு இல்லாமப் போயிருமா? நோட்டுல மூணு ஓட்டுன்னு போட்டிருக்குது. ஒரு ஊட்டையும் விடக் கூடாதுன்னு அண்ணன் உத்தரவு."

"பயந்துக்காதீங்க மாமா" என்றான் மச்சினன். "அத்தை செயிச்சா மொத மாலை நாங்கதான் போடுவோம். இது ஒரு மரியாதைக்கு."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அம்மன் படத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டே கேட்டான்: "கண்ணு எப்படி இருக்குது? நாமக்கல்லுலதான படிக்குது? வெள்ளிக்கிழமை கடைசி பஸ்லதான வரும்?"

அவ்வளவுதான் கேட்டான். என்ன நினைப்பில் கேட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் தங்கை மகளும் நாமக்கல்லில் படிக்கிறவள், அதே பஸ்ஸில் வருகிறவள். சும்மா விசாரித்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த நொடியில் எழுபது வளைவும் ஒன்றாகக் கண்ணில் வந்து நின்றது. ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் லாரி நின்றது.

சூடத்தை ஏற்றினார்கள். கையை நீட்டினேன். அவன் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன்: "எங்க ஊட்டு மூணு ஓட்டும் சீப்புக்கு. தவறுனா எங்க ஊட்டுல வெளக்கு எரியாது." உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன். ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை என் சட்டைப் பையில் அவனே வைத்தான். அவர்கள் மஞ்சுக்குள் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஓட்டு என்றால் என்னுடையது, மகளுடையது, என் மனைவியுடையது. வேட்பாளரே எதிராளிக்கு ஓட்டுப் போடுவாள் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். நடக்கவே முடியாத சத்தியம். அடித்த நிமிஷமே தவறிப்போன சத்தியம். எங்கள் வீட்டில் விளக்கு என்றால் அது மகள்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். எங்கள் மலையில் பத்திரம் எழுதி ஏமாற்றியவர்கள் உண்டு, ரசீது கொடுத்து ஏமாற்றியவர்கள் உண்டு. சூடம் அடித்துவிட்டு மாறுகிறவர்கள் இல்லை. வரப்புத் தகராறில் பொய்ச் சூடம் அடித்த ஒருவரை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதம் வலது கை விளங்காமல் போனது. கை வாதம் என்று டாக்டர் சொன்னார். மலையில் ஒருவரும் வாதம் என்று சொல்லவில்லை.

காசை முதலில் சாமை டிரம்மில் வைத்தேன். அது ஊர் கொடுத்த சாமை என்று எடுத்து, மிளகுச் சாக்குக்குள் வைத்தேன். அங்கிருந்து எடுத்துக் கூரைச் செருகலில் வைத்தேன். எங்கே வைத்தாலும் வீடு அந்தப் பக்கம் சாய்ந்தது போல இருந்தது. மறுநாள் காலையில் மைக்செட்காரர் வந்து நின்றார். "தலைவரே, ஜீப்புக்கும் மைக்குக்கும் மூவாயிரம் பாக்கி நிக்குது. இன்னிக்குக் கெடைக்கலேன்னா மைக்குக் குழாயைக் கழட்டிட்டுப் போறதைத் தவிர வேற வழியில்லீங்க." நான் யோசிக்கவே இல்லை. செருகலிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்துவிட்டேன். பேயை இன்னொருவர் மேல் இறக்கிவிட்டது போல ஒரு நிம்மதி. மனைவியிடம், சோளக்காட்டுச் சந்தை வியாபாரியிடம் மிளகுக்கு முன்பணம் வாங்கினேன் என்று சொன்னேன். நம்பினாள். அன்று முழுக்க ஜீப் மலையைச் சுற்றியது. "காசு வாங்காதீங்க, சூடம் அடிக்காதீங்க" என்று அவள் குரல் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் கேட்டது. அந்தக் குரலுக்கு வாடகை கொடுத்தது கான்ட்ராக்டர்.

மகளுக்குப் போன் பண்ணினேன். "கண்ணு, நாளைக்கு வர வேண்டாம். ஓட்டுக்கும் வர வேண்டாம். பரீட்சைதான் முக்கியம்."

"பரீட்சை நாளைக்கு மத்தியானமே முடியுதுங்கப்பா. அம்மா நிக்கறப்ப வர வேண்டாங்கறீங்களா? என்னாச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. வந்தா டிரைவருக்குப் பின்னால உக்காரு. ஜன்னல் ஓரம் வேண்டாம்."

"அப்பா, நான் பஸ்ஸு மேல உக்காந்து வாரேன். சரிங்களா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை. மேல்காட்டில் பெண்கள் அவளைப் பார்த்ததும் கதவோரம் போய் நின்றுகொண்டார்களாம். "எங்களைத் தப்பா நெனைக்காத கண்ணு, சூடம் அடிச்சுப்போட்டோம்" என்று ஒருத்தி அழுதாளாம். வேறு யாராவது என்றால், சூடமாவது சத்தியமாவது, போய் ஓட்டைப் போடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அவளால் அப்படிச் சொல்ல முடியாது. சூடத்தை அவளும் நம்புகிறவள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் பூசாரி வீட்டுக்குப் போனாள். தவறிச் செய்த சத்தியத்தை அந்தக் காலத்தில் எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டாள். வாங்கியதைப் போல் இரண்டு மடங்கை மஞ்சள் துணியில் முடிந்து, ஈரத் துணியோடு அம்மன் முன்னால் வைக்க வேண்டும். சத்தியம் அதோடு திரும்பிவிடும் என்றார் பூசாரி. குற்றக் காணிக்கை என்று அதற்குப் பெயர். வெள்ளிக்கிழமை மதியம் கோயிலுக்கு வாருங்கள், பெயர் எழுத மாட்டோம் என்று மைக்கில் சொல்லிவிட்டு வந்தாள்.

வந்தவர்களைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். காசு வாங்கிய ஐம்பது அறுபது வீட்டிலிருந்து யார் வருவார்கள்? கோயிலுக்குப் போகிற வழி கான்ட்ராக்டர் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. அரை மணி நேரம் நின்றோம். அவள் மைக்கைப் பிடித்து ஒரு தரம் கேட்டாள். "வாங்கினவங்க யாராச்சும் இருந்தா வாங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." டீக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அழுதது. அவள் மைக்கை அணைத்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். "சரி, போலாம்" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிள்ளை பாதையில் பிறந்த அன்றுகூட இல்லை.

என் உள்ளங்கையில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் இருந்தது. மூன்று நாளாக அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அந்தப் பஸ் கிளம்பும். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"நான் வாங்கினேன்" என்றேன்.

அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "என்ன வாங்கினீங்க, சூடமா? தட்டுல இருக்குது" என்றாள்.

"மூவாயிரம் ரூபா. கான்ட்ராக்டர் மச்சினன்கிட்ட. சூடம் அடிச்சேன்."

சுற்றுவது நின்றது. "எத்தனை ஓட்டுக்கு?"

"மூணு."

"மூணுன்னா?"

"உன்னோடதும் சேத்து."

மேல்காட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "அட சாமி! வேட்பாளர் ஓட்டையே வித்துப்போட்டீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

"அந்தக் காசு எங்க?"

நான் மைக்செட்காரரைக் காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கம்மா! மொளகுக் காசுன்னாருங்க!"

அவள் கோயில் படியில் உட்கார்ந்தாள். பஸ்ஸைப் பற்றி அவன் கேட்டதைச் சொன்னேன். சூடத்தில் நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். விளக்கு என்றதும் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"மூணு நாளா இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ தேர்தல்ல நிக்காம விட்டுருவியோன்னு பயம்" என்றேன். அதோடு, "சொன்னதுக்கப்பறமும் நின்னீன்னா என்ன பண்றதுன்னும் பயம்" என்றேன்.

அவள் அரைகுறையாகச் சுற்றிய ஒயரை மடியில் போட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வி இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

பூசாரி தொண்டையைக் கனைத்தார். "ஆறாயிரம் வெக்கணும் தம்பி. இப்பவே." என் பையில் நாற்பது ரூபாய் இருந்தது.

"மொளகு பறிச்சுக் கட்டுவாரு" என்றாள் என் மனைவி. "இன்னிக்கு ஒத்த ரூபா முடிஞ்சு வெக்கட்டும்."

"அப்படி ஒரு வழக்கம் இல்லையே தாயி."

"அம்மன் என்ன வட்டிக்கடையா வெச்சிருக்கா, மொத்தமாக் கேக்கறதுக்கு? அவளையே கேளுங்க."

அம்மனைக் கேட்பது என்றால் பூப் போட்டுப் பார்ப்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்துப் படியில் வைத்தார் பூசாரி. வெள்ளை வந்தால் உத்தரவு. விவரம் தெரியாத குழந்தைதான் எடுக்க வேண்டும். டீக்கடைக்காரர் மனைவி இடுப்பிலிருந்ததை இறக்கி விட்டாள். நான் நனைந்த வேட்டியோடு நின்றேன். தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தார்கள். இரண்டு பொட்டலத்தையும் மறுபடி மறுபடி எண்ணினேன். குழந்தை முதலில் பூசாரியின் காலைப் பிடித்தது. பிறகு ஒரு பொட்டலத்தைத் தொட்டது. விட்டுவிட்டது. இன்னொன்றை எடுத்து நேராக வாயில் போட்டுக்கொண்டது.

"ஐயோ, முழுங்கிறப்போகுது!" என்று அதன் அம்மா விரலை விட்டு எடுத்தாள். எச்சில் ஊறிய இலையைப் பிரித்தார் பூசாரி. என்னால் பார்க்க முடியவில்லை. வாட்ச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளை.

ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். முடிச்சு நிற்கவில்லை, அக்காதான் போட்டுவிட்டாள். திரும்பினால் டீக்கடைக்காரர் பக்கத்தில் நின்றார். "எனக்கும் ஒரு துணி குடுங்க" என்றார்.

"எனக்குத் தெரியாம எப்ப வாங்கினே?" என்றாள் அவர் மனைவி. "அந்தக் காசுலதானா எனக்குக் கொலுசு?"

இந்த முறை என் மனைவியும் சிரித்துவிட்டாள். ஆனால் என் பக்கம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் வந்து நிற்கும் சோளக்காட்டுக்கு நான் கிளம்பியபோது அவளும் கூட வந்தாள். பிரச்சாரத்தை விட்டுவிட்டு அவள் வந்தது அந்த ஒரு நாள்தான். பஸ் வரவில்லை. பலாப்பழக் கடைக்காரர் சாக்கைப் போட்டு மூட ஆரம்பித்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். மஞ்சு இருக்குதுங்க, மெதுவாத்தான் ஏறும் என்றார் யாரோ. கான்ட்ராக்டர் மச்சினனும் அங்கே நின்றிருந்தான், தங்கை மகளைக் கூட்டிப்போக. என்னைப் பார்த்ததும் வந்தான்.

"என்னங் மாமா, சூடத்தைக் கழுவிட்டீங்களாமா?"

நான் நகர்ந்து நின்றேன். என் மனைவி நகரவில்லை. "தம்பி, எம்பொண்ணு வர்ற பஸ்ஸைப் பத்தி எங்க ஊட்டுக்காரருகிட்ட விசாரிச்சீங்களாமா. இனிமே எதுன்னாலும் எங்கிட்டக் கேளுங்க."

"எந்த பஸ்ஸுங் அத்தை?" என்றான். நிஜமாகவே மறந்திருந்தானா, நடித்தானா, எனக்குப் பிடிபடவில்லை.

விளக்கு வெளிச்சம் வளைவில் தெரிந்தபோது எண்ண ஆரம்பித்தேன். இறங்கியவர்கள் பத்தொன்பது பேர். பதினேழாவதாக அவன் தங்கை மகள். பதினெட்டாவதாக என் மகள். இரண்டு பேரும் ஒரே போனில் ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுச் சிரித்தபடி இறங்கினார்கள். என் மனைவி மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை. அப்போதுதான் தெரிந்தது, என் பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது என்று. அவள் அதைத் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறாள்.

வேட்பாளரின் புருஷனே காசு வாங்கினான் என்று மலை முழுக்கப் பேச்சானது. "பொண்டாட்டி ஓட்டை வித்தவரே" என்று ஜீப்பிலிருந்து கூப்பிட்டார்கள். ஆனால் ஒரு ரூபாய் போதும் என்ற பேச்சும் கூடவே போனது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் அம்மன் சூலத்தில் முப்பத்தேழு மஞ்சள் முடிச்சு தொங்கியது. எப்போது வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் தெரியாது.

செவ்வாய்க்கிழமை இளஞ்சிவப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு தட்டி மறைவுக்குள் போனேன். பூட்டு சாவி எந்த வரிசை என்று மூன்று தரம் பார்த்தேன். முத்திரையைக் குத்தும்போது கை ஆடியது. பாதி மை கோட்டைத் தாண்டி விழுந்ததா, கட்டத்துக்குள்ளேயே நின்றதா, மடித்துப் போட்ட பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவள் பதினேழு ஓட்டில் தோற்றாள். செல்லாத ஓட்டு இருபத்திரண்டு. அதில் ஒன்று என்னுடையதா என்று அவளிடம் கேட்டேன். "அடுத்த வாட்டி கையைப் பிடிச்சுக் குத்தறேன், வாங்க" என்றாள். அந்த வெள்ளிக்கிழமையும் விளக்குப் பூசைக்குப் போனாள். மேல்காட்டு ரோட்டுக்குப் பலகையை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மனு தொடர்கிறது.

ஆட்டை விற்று ஒரே தடவையில் காணிக்கையைக் கட்டிவிடலாம் என்று சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. நான் ஏணியில் ஏறிப் பறித்த மிளகுக் காசாக இருந்தால்தான் சத்தியம் இறங்கும் என்கிறாள். ஏணியில் ஏறவும் எனக்குப் பயம். அக்காவின் புருஷன் நினைவுக்கு வருவார். மெதுவாகத்தான் பறிக்க முடிகிறது. இரண்டு பருவத்தில் மூவாயிரத்து எழுநூறு கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் சோளக்காட்டில் நின்று இறங்குகிறவர்களை எண்ணுகிறேன். காணிக்கை தீர்கிற வரைக்கும் எண்ணத்தான் வேண்டும். முதலில் முடிந்த அந்த ஒரு ரூபாயைக் கழிக்கலாமா என்று பூசாரியைக் கேட்கப் பயம். அதனால் கழிக்கவில்லை. அம்மனுக்கு நான் இன்னும் தர வேண்டியது இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.